பிரான்சிஸ் பேக்கனின் 'இரு உருவங்கள்': மல்யுத்தமா, வதையா?

கரித்துண்டு:
பிரிட்டிஷ் ஓவியர் பேக்கன் 1953-இல் வரைந்த 'இரு உருவங்கள்' ஓவியத்தை முன்வைத்துக் கேட்கிறேன். வெள்ளை விரிப்பிட்ட கட்டிலில் இரண்டு ஆண் உடல்கள் பின்னிக் கிடக்கின்றன. இந்த நிலையை, ஒளிப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் 1887-இல் வெளியிட்ட மல்லர்களின் தொடர் ஒளிப்படங்களிலிருந்து பேக்கன் எடுத்தார் என்பது அறிந்ததே. ஆயினும், கலைந்த முகத்தில் தெரியும் பல்வரிசை சிரிப்பா வலியா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. விளையாட்டு வதையாகும் எல்லையை ஓவியம் காட்டுகிறதா, அழிக்கிறதா?

தூரிகை:
அழிக்கிறது என்பதே என் கருத்து. 1967 வரை இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உடலுறவு தண்டனைக்குரிய குற்றம். ஆண்கள் இருவர் வெற்றுடம்போடு இறுகப் பற்றிக்கொள்வதை ஊர் முகம் சுளிக்காமல் பார்த்த வெகுசில இடங்களுள் மற்களம் ஒன்று. அந்த அனுமதியைத்தான் பேக்கன் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். அக்காலத்தில் அவருடைய காதலராயிருந்த முன்னாள் விமானி பீட்டர் லேசி, குடிவெறியில் ஒருமுறை அவரைக் கண்ணாடிச் சன்னல் வழியே எறிந்தார் என்பதையும், அதற்குப் பின்னும் உறவு முறியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மணல்தாள்:
தூரிகை சொன்ன செய்தி மெய்தான். ஆனால் வாழ்க்கை வரலாற்றை இவ்வளவு நம்பினால் ஓவியம் வழக்குக் கட்டின் சாட்சியமாகச் சுருங்கிவிடும். (பேக்கனைப் பற்றி எழுதுவோர் பலருக்கும் இந்த ஆசை உண்டு.) ஈர வண்ணத்தை இழுத்து முகங்களைக் கலைத்திருப்பதாலும், உடல்களைச் சுற்றி மெல்லிய கோடுகளால் கூண்டு போட்டிருப்பதாலும், நாமே மற்களத்தின் பார்வையாளர்களாகிவிடுகிறோம், வெல்பவர் யார் என்று தேடும் நம் கண்ணையே ஓவியம் சோதிக்கிறது. பேக்கனின் பிற்காலக் காதலர் ஜார்ஜ் டயர் 1971-இல் பாரிஸ் விடுதியறையில் இறந்த பிறகு பேக்கன் வரைந்த 1973-ஆம் ஆண்டின் முப்படலத்தில் (மூன்று பலகைகள் கொண்ட ஓவியத்தில்) எதிராளியே இல்லை. கழிப்பிடத்திலும் முகம் கழுவும் தொட்டியிலும் ஒற்றை உடல் தன்னோடு தானே மல்லாடுகிறது.

பரோடாவாசி:
இந்திய ஓவியர் பூபேன் கக்கரையும் இங்கே கொண்டுவர விரும்புகிறேன். அவருடைய 'எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது' (1981) ஓவியத்தில், ஆடையற்ற ஒருவர் மாடத்தில் நின்று, தந்தையும் மகனும் கழுதையுமாக நடக்கும் பழங்கதையைக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே காயப்படுத்துவது கையல்ல, ஊர்வாய். அதை ஒரு குழந்தைக் கதையின் விளையாட்டுத்தனத்தோடு சொன்னதால்தான் அவரால் தம் ஒருபால் விழைவை மறைக்காமல் வரைய முடிந்தது என்று கருதுகிறேன். பேக்கனின் இறுக்கமே தீவிரம் என்று பழகிவிட்ட நாம், கக்கரின் நகைச்சுவையை எளிது என்று தள்ளிவிடுகிறோம். அடுத்த ஆண்டு அவர் வரைந்த 'பனாரஸில் இரு ஆண்கள்' ஓவியத்தையும் கரித்துண்டு பார்க்க வேண்டும். அங்கே தழுவல் தழுவலாகவே இருக்கிறது, மல்யுத்தம் என்ற சாக்கு அதற்குத் தேவைப்படவில்லை.