கூடத்தைத் தடுத்துச் சின்ன அறை: அனுபவசாலிகள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் கூடம் 22 அடி நீளம், 12 அடி அகலம். ஒரு முனையில் 8 அடியைத் தடுத்து, தேர்வுக்குப் படிக்கும் மகளுக்குப் படுக்கையறை ஆக்க நினைக்கிறோம். ஒற்றைக் கட்டில், மேசை, அலமாரி வைக்க இடம் இருந்தால் போதும்.

சிக்கல் ஜன்னலில்தான். கூடத்தின் இரண்டு ஜன்னல்களும் அந்த முனையிலேயே இருக்கின்றன. முழுச் சுவர் எழுப்பினால் மீதிக் கூடத்தில் நடுப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும். தடுப்பின் மேல் 2 அடிக்கு மங்கலான கண்ணாடி பதித்தால் வெளிச்சம் வரும். ஆனால் இரவில் கூடத்து விளக்கு அவள் கண்ணில் அடிக்குமே! இப்படிச் செய்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? காற்றோட்டத்துக்கு அந்தக் கண்ணாடியைத் திறக்கும்படி வைக்கலாமா?

மாடி வீடு. கீழே உத்தரம் இல்லாத இடத்தில் செங்கல் சுவரின் பாரத்தைத் தளம் தாங்குமா என்று பொறியாளர் சொல்லாமல் தொட மாட்டேன் என்கிறார் கொத்தனார். நியாயம்தான். ஆகவே இரும்புச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடிக்கும் யோசனை. நடுவே ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் கல் இழைப் பஞ்சு) அடைத்து, இருபுறமும் இரட்டைப் பலகை போட்டால் தொலைக்காட்சிச் சத்தம் உண்மையிலேயே அடங்குகிறதா? நகரும் கதவு இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் இடுக்கு வழியே சத்தம் கசியும் என்கிறார்கள். கனமான திரை போதும் என்பது என் கணவரின் கட்சி; தேர்வு எழுதப் போவது அவரில்லையே.

இன்னொன்று: தடுப்பு வரும் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி மின்விசிறி தொங்குகிறது. அதன் கொக்கியை நகர்த்தாமல் ஏதேனும் வழி உண்டா?