1984 அக்டோபர் 31: அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ஜனக்புரிப் பெண்

31ஆம் தேதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ அந்த நாள் மறுநாளோடு ஒட்டிக்கொண்டே நினைவில் நிற்கிறது. புதன்கிழமை பள்ளியைப் பாதியில் விட்டார்கள், பிரதமர் இந்திரா காந்தியைச் சுட்டுவிட்டார்களாம் என்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள், மாலையில் வானொலி உறுதிசெய்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மேற்கு தில்லி ஜனக்புரியில் எங்களுக்கு மாடிவீட்டில் ஒரு சீக்கியக் குடும்பம் குடியிருந்தது. சுட்டவர்கள் சீக்கியர்கள் என்று சொல்லிக் கும்பல்கள் சீக்கியர்களைத் தாக்கத் தொடங்கி, வியாழக்கிழமை காலை திலக் நகர்ப் பக்கம் புகை எழும்பியதும் அந்த வீட்டு அம்மாள் தம் பையனைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார். அவனுக்கு என் வயதுதான் இருக்கும்.

என் அம்மா ஒரு சொல்லும் பேசாமல் அவன் கொண்டையை அவிழ்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, இரட்டைப் பின்னல் போட்டு, என் பள்ளி ரிப்பனை மடித்துக் கட்டினார். அவன் கூந்தல் என்னுடையதைவிட நீளம். என் பாவாடை சட்டையும் அவனுக்குப் பொருந்திவிட்டது. சீக்கியர்கள் கையில் அணியும் இரும்புக் காப்பு மட்டும் கழலவில்லை. சோப்பு போட்டு இழுத்தார், எண்ணெய் விட்டு இழுத்தார், மணிக்கட்டு சிவந்ததே ஒழியக் காப்பு அசையவில்லை. அவன் அழவும் இல்லை, வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கடைசியில் அம்மா என் கண்ணாடி வளையல்களை எடுத்துக் காப்புக்கு முன்னும் பின்னுமாக அடுக்கி அதை மறைத்தார். அவனுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் அம்மா அவனிடம், "கையை மடியிலேயே வெச்சுக்கோ கண்ணா, தூக்காதே" என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவனும் வைத்துக்கொண்டான்.

வாசலுக்கு வந்தவர்களிடம் அப்பா, இது மதராசி வீடு, இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அந்தப் பார்வை பையனின் மடியில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை இன்றும் என்னால் கணக்கிட முடியவில்லை. பிறகு போய்விட்டார்கள். அந்தக் குடும்பம் நகரம் அடங்கியதும் பஞ்சாபுக்குப் போய்விட்டது, அதன்பின் தொடர்பில்லை.

பழைய கணக்குப்பிள்ளை

அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகே எனக்கும் எழுத மனம் வந்தது. நான் அப்போது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி சர்தார்ஜி, பிரிவினைக்குப் பின் வந்து குடியேறியவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். மதியம் அண்ணா சாலையில் கடைகளின் ஷட்டர்கள் மளமளவென்று இறங்கத் தொடங்கியபோது, எங்கள் எல்லோருக்கும் முதலில் வந்த பயம் முதலமைச்சர் எம்.ஜி.ஆரைப் பற்றியதுதான். அக்டோபர் 5 முதல் அவர் கிரீம்ஸ் சாலை அப்போலோவில் இருந்தார்; சாலையில் யார் ஓடினாலும் அப்போலோவிலிருந்துதான் ஏதோ செய்தி என்று நெஞ்சு பதைத்த காலம் அது. பக்கத்துக் கடைக்காரர் வந்து, தில்லியில் இந்திரா அம்மையார் போய்விட்டார் என்றும், சுட்டவர்கள் அவருடைய மெய்க்காவலர்களான இரண்டு சீக்கியர்கள் என்றும் ஒரே மூச்சில் சொன்னார்.

முதலாளி எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். கல்லாவுக்கு மேலே குருநானக் படத்துக்குப் பக்கத்தில் இந்திரா காந்தியின் நாட்காட்டிப் படம் ஒன்று பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றித் துடைத்து மேசைமேல் சாய்த்து வைத்து, மாலை வாங்கி வரச் சொல்லி என்னிடம் பணம் கொடுத்தார். நான் வந்து பார்த்தபோது அவர் கண்கள் நிரம்பியிருந்தன. மாலையைப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "கணக்குப்பிள்ளை, நான் அழுதா யாராவது நம்புவாங்களா?" என்று கேட்டார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் இந்திராவின் அரசு அனுப்பிய ராணுவம் புகுந்தபோது அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததும் எனக்குத் தெரியும். அந்தத் துயரமும் இந்தத் துயரமும் ஒரே மனிதரிடம் இருந்தன. அவர் கேள்விக்கு நான் சொன்ன பதில் நினைவில்லை. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

வைகைக்கரை

கணக்குப்பிள்ளை ஐயா மதியமே மரணச் செய்தி வந்துவிட்டதாக எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சுடப்பட்டது காலை 9.20 மணியளவில், சப்தர்ஜங் சாலை இல்லத்திலிருந்து அடுத்திருந்த அக்பர் சாலை அலுவலகத்துக்கு அவர் நடந்து போகும்போது. எய்ம்ஸ் மருத்துவமனை மரணத்தை உறுதிசெய்ததே பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். ஆகாசவாணி மாலை 6 மணிக்குத்தான் அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஏமனில் இருந்தார், ராஜீவ் காந்தி மேற்கு வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அவரே பிபிசியைக் கேட்டுத்தான் நிலைமையை அறிந்துகொண்டார். நான் மதுரையில் ஒரு தேநீர்க்கடையில் இருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிற்றலை வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று அதை அணைத்துவிட்டு, கடைக்காரரிடம் அடுப்பை அணைக்கச் சொன்னார். என் அனுபவம் இவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய நாள்களின் நினைவு நாம் நம்புகிற அளவுக்கு உறுதியானதன்று. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களிடம், செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து அதே மாணவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்டபோது, பலர் முற்றிலும் வேறு கதையைச் சொன்னார்கள். தம் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டியும் புதிய நினைவே சரி என்று நின்றவர்கள் உண்டு. நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய இடர் ஒன்று இருக்கிறது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததும், மறுநாள் தமிழ்நாடு முழுவதும் பேருந்துகள் நின்றதும், 1984 நினைவுகளுக்குள் புகுந்து கலந்துவிடுகின்றன. ஆகவே முதலில் தேதி, கிழமை, நேரம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய நாளிதழை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். உடனிருந்தவர் ஒருவரிடம் உங்கள் நினைவைச் சொல்லாமல் அவருடைய நினைவைத் தனியே கேட்டு வாங்குங்கள். கண்ணால் கண்டதையும் பிறகு தொலைக்காட்சியில் பார்த்ததையும் வேறுவேறு பத்திகளில் எழுதுங்கள். தீன் மூர்த்தி இல்லத்தில் உடல் வைக்கப்பட்டிருந்ததை நேரில் பார்த்தோம் என்று சொல்லும் பலர் அதைத் தூர்தர்ஷனில்தான் பார்த்திருப்பார்கள். நவம்பர் 3 அன்று யமுனைக் கரையில் நடந்த தகனமும் அப்படியே. பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

பழைய கணக்குப்பிள்ளை

வைகைக்கரை அவர்களுக்கு: நான் எழுதியதில் வானொலி என்ற சொல்லே இல்லை. அண்ணா சாலையில் இந்து, எக்ஸ்பிரஸ், தினமணி எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பத்திரிகை அலுவலகங்களுக்கு வந்த செய்தி தெருவுக்கு வர ஆகாசவாணி தேவைப்படவில்லை. தில்லியிலேயே மாலைக்கு முன் ஊரெல்லாம் தெரிந்திருந்தது. முதலாளியின் கேள்வியை நான் எந்த நாளிதழில் சரிபார்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் வகுப்புப் பயணி

நேரத்தைப் பற்றிய வாதத்துக்குள் நான் போகவில்லை. நாங்கள் 30ஆம் தேதி மாலை சென்ட்ரலில் தில்லி போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறியவர்கள், செய்தி வழியில் கிடைத்தது. எங்கள் தடுப்பில் எதிர் இருக்கையில் முதிய சீக்கியர் ஒருவர் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் புளியோதரையை அவரும், அவருடைய ஆரஞ்சுப் பழங்களை நாங்களும் சாப்பிட்டிருந்தோம்.

செய்தி கிடைத்த மறுநாள் தில்லியை நெருங்கும்போது துக்ளகாபாத்துக்கு முன்பாக வண்டி நின்றது. கீழே தண்டவாளத்தின் ஓரமாகக் கம்பிகளோடு ஆட்கள் நடந்து வந்தார்கள். பெரியவரை அடியிருக்கையின் கீழே படுக்கச் சொல்லி, முன்னால் பெட்டிகளை அடுக்கி, பெண்கள் மூவர் புடவையை விரித்துக் கால் தொங்கவிட்டு அமர்ந்தார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆளுக்கொன்றாக எடுத்து வைத்தோம். அவர்கள் பெட்டிக்குள் ஏறிய பிறகுதான், பெரியவருடைய பழுப்பு நிறப் பூட்ஸ் நடைபாதையிலேயே கிடப்பதைப் பார்த்தோம். நன்றாக மெருகேற்றிய, பெரிய பாதத்துக்கான பூட்ஸ். குனிந்து எடுத்தால் தெரிந்துவிடும். எங்களோடு நேர்முகத் தேர்வுக்கு வந்துகொண்டிருந்த கல்லூரி முடித்த பையன், மெலிந்த உடம்பு, தன் செருப்பைப் பின்னால் தள்ளிவிட்டு அந்தப் பூட்ஸுக்குள் இரண்டு கால்களையும் நுழைத்துக்கொண்டு, குனிந்து கயிற்றைக் கட்டத் தொடங்கினான். வந்தவன் அவனைத் தாண்டிக்கொண்டுதான் போனான். பையனின் விரல்கள் நடுங்கியதில் முடிச்சு விழவே இல்லை. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

எங்கள் பெட்டியில் அவர் பிழைத்தார். முன்பக்கத்துப் பெட்டிகளில் இருந்து கேட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

யமுனைக்கு அப்பால்

மேலே எழுதியவர்களில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் காப்பாற்றிய கதைகளே தொடர்ந்து வந்தால், வாசிக்கிற இளையவர்கள் அந்த நாள்களில் பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டார்கள் என்று எண்ணிவிடுவார்கள். தில்லியில் மட்டும் கொல்லப்பட்டவர்கள் 2,733 பேர் என்பது அரசு அமைத்த அகுஜா குழு 1987இல் சொன்ன எண்ணிக்கை. கிழக்கு தில்லி திரிலோக்புரி 32ஆம் பிளாக்கில் காப்பாற்றுவதற்கு அண்டைவீட்டார் போதவில்லை. காவல்துறை வர வேண்டியிருந்தது, வரவில்லை.

நான் அப்போது மாணவன். நண்பர்களோடு, உயிர் தப்பியவர்கள் தங்கியிருந்த பர்ஷ் பஜார் முகாமுக்குப் போர்வை எடுத்துக்கொண்டு போனேன். இறந்தவர் பெயர்களை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு இந்தி பேச வரும், வேகமாக எழுத வராது. ஆகவே பள்ளி நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். ஓர் அம்மாள், நாற்பது வயது இருக்கலாம், போர்வையை வாங்க மறுத்துவிட்டு முதலில் எழுது என்றார். கணவர், கொழுந்தன், இரண்டு மகன்கள், அக்காள் மகன் என்று சொல்லிக்கொண்டே போனார். முடிந்ததும், படித்துக் காட்டு என்றார். படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கட்டைவிரலால் ஒரு விரல் கணுவைத் தொட்டார். கடைசியில் ஒரு கணு மீதி இருந்தது. மறுபடி படிக்கச் சொன்னார். நான் சின்ன மகனின் பெயரைப் படித்த வேகத்தில் அவர் காதில் விழவில்லை. நோட்டில் அது இருந்தது. இரண்டாம் முறை அந்தப் பெயர் வந்ததும் தலையை அசைத்துவிட்டுப் போர்வையை வாங்கிக்கொண்டார். பிற்பாடு நண்பர்கள் அதை இந்தியில் படியெடுத்து ஓர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். வாங்கியதற்கு ஒப்புதல்கூடத் தரப்படவில்லை.

மக்கள் சிவில் உரிமைக் கழகமும் மக்கள் ஜனநாயக உரிமைக்கான அமைப்பும் சேர்ந்து அந்த நவம்பரிலேயே அறிக்கை வெளியிட்டு, குற்றம் சாட்டப்பட்ட அரசியல்வாதிகளின் பெயர்களை அச்சிட்டன. மிஸ்ரா ஆணையம், நானாவதி ஆணையம் என்று அரசின் விசாரணைகள் எல்லாம் பிறகு வந்தன. மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2005 ஆகஸ்டில். காங்கிரஸ் அரசியல்வாதி சஜ்ஜன் குமாருக்குத் தில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பர் 17இல்; பாலம் காலனி ராஜ்நகரில் ஐவர் கொல்லப்பட்ட வழக்கு அது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி எஸ். முரளிதர் சென்னையில் வழக்கறிஞராகத் தொடங்கியவர். 34 ஆண்டுகள். அந்த அம்மாள் அதுவரை இருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

யாழ்வாசி

நான் இந்தியன் அல்லன். 1984இல் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். இந்திரா அம்மையாரின் மறைவை எங்கள் வீட்டில் சாவீடு போலவே கொண்டாடினோம் என்று எழுதினால் உங்கள் வழக்கில் பிழையாகப் படும், துக்கம் காத்தோம். முந்தைய ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் அவர் ஜி. பார்த்தசாரதியைத் தூதராக அனுப்பியிருந்தார். எங்களுக்காகக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல் அவரோடு போய்விட்டது என்று ஐயா சொன்னார். ஐயா என்பது என் தகப்பனார்.

எங்கள் குடும்பம் 1983 ஜூலையில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தார் எங்களைத் தங்கள் பின்னறையில் வைத்திருந்தார்கள். யன்னல் இடுக்கால் நான் பார்த்தபோது, வந்தவர்களில் ஒருவன் கையில் தட்டச்சுத் தாள்கள் இருந்தன. விரலை வைத்து வரிவரியாகப் பார்த்து, எங்கள் வீட்டு இலக்கத்தைச் சொன்னான். அது வாக்காளர் பட்டியல் என்று ஐயா பிறகு சொன்னார். கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்த பிறகும் அதைப் பற்றியே பேசுவார்.

தில்லியில் சீக்கியர் வீடுகளை அடையாளம் காணவும் வாக்காளர் பட்டியல்கள் பயன்பட்டன என்ற செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்த அன்று, அவர் அதை எனக்குத் தாமே வாசித்துக் காட்டினார். வாசித்த குரலில் கோபம் இருக்கவில்லை. தான் கண்டதற்குச் சாட்சி கிடைத்த ஒருவரின் குரலாக இருந்தது. அதன் பின்னர் பட்டியலுக்குப் பெயர் பதிய வந்தவர்களிடம் அவர் எங்கள் பெயர்களைக் கொடுக்கவில்லை.

ஜனக்புரி அக்காவிடமும் யமுனைக்கு அப்பால் இருந்து எழுதும் அண்ணாவிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். அந்தத் தாள்களை நீங்கள், அல்லது உங்கள் பெற்றோர், கண்ணால் கண்டீர்களா? கண்டிருந்தால் எந்தத் தெருவில், யாருடைய கையில் என்பதை, பெயர் வேண்டாம், இயன்ற அளவு விரிவாக எழுதுங்கள்.