அடைமழைக்கு வனாமி இறால் குட்டையை எப்படித் தயார் செய்வது?

கழிமுகம்:
வேதாரண்யம் பக்கம் 1 ஏக்கர் குட்டை. தண்ணீர் 1.5 மீட்டர், உப்பு 20 பிபிடி (ஆயிரத்தில் 20 பங்கு). வனாமி 55 நாள், சுமார் 1,200 கிலோ நிற்கிறது. 1 எச்பி ஏரேட்டர் (துடுப்பால் தண்ணீரில் காற்றேற்றும் கருவி) 6. ஒரே ராத்திரியில் 10 செ.மீ. கொட்டினால் உப்பு இறங்கி இறால் போய்விடும் என்கிறார்கள். கல் உப்பு வாங்கி வைக்கணுமா? சுட்ட சுண்ணாம்பு எவ்வளவு போடலாம்?

சேற்றுக்கால்:
உப்பு மூட்டைக்குக் காசைக் கொட்டாதீங்க. 10 செ.மீ. மழை என்றால் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். உங்க குட்டையில் 60 லட்சம் லிட்டர் இருக்கு. முழுக்கக் கலந்தாலும் 20 என்பது 18.8 ஆகும், அவ்வளவுதான். வனாமி அதற்கு அசராது.

கலக்காமல் இருப்பதுதான் ஆபத்து. மழைத்தண்ணீர் இலேசு, பாலாடை மாதிரி மேலேயே நிற்கும். காற்று அடிக்கு இறங்காது. மேகமூட்டத்தில் பாசி ஆக்சிஜன் விடாது. செத்து விழுந்தால் அது அழுகுவதே இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். அடிச்சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வரும். இறால் கிடப்பது அங்கேதான்.

சோதிக்க: தக்கை போட்ட பாட்டிலில் கல் கட்டி அடிக்கு இறக்கி, தக்கைக்கயிற்றைச் சுண்டுங்க. அடித்தண்ணீர், மேல்தண்ணீர் இரண்டையும் ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பு அளக்கும் கருவி) பாருங்க. 2 பிபிடி வித்தியாசம் இருந்தால் அடுக்கு கட்டிவிட்டது. டிஓவை (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்) விடிகாலை 3 முதல் 5 மணிக்குள் அடியில் பாருங்க. 4 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 4 பங்கு) கீழே விடாதீங்க.

தண்ணீர் வெளியேறும் மதகில் மேல்பலகையை மட்டும் எடுத்து வலை கட்டுங்க, மேல்தண்ணீர் தானே வடியும். அடிப்பலகையைத் தொடவே வேண்டாம், நல்ல உப்புத்தண்ணீர் அந்த வழியாகப் போய்விடும்.

கழிமுகம்:
மேல்தண்ணீர் வடியும்வரை ஏரேட்டரை நிறுத்தலாமா? இங்கே சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சேற்றுக்கால்:
குஞ்சு விட்ட முதல் வாரங்களில் பகலில் செய்தால் தாங்கும். 1,200 கிலோ நிற்கும்போது கூடவே கூடாது. கலந்தால் 1.2 பிபிடி இறங்கும், அதனால் ஒன்றும் கெடாது. ஆக்சிஜன் இல்லாத ஒரு ராத்திரி மொத்தத்தையும் கொண்டுபோய்விடும்.

உவர்மண்:
சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் வீசாதீங்க சார். பிஎச் (அமில-கார அளவு) ஒரு புள்ளி ஏறினால் நச்சு அமோனியாவின் பங்கு பல மடங்காகும். மழைக்கு முன்னாலேயே கரைச்சரிவில் விவசாயச் சுண்ணாம்பு (சுடாத சுண்ணாம்புக்கல் தூள்) ஏக்கருக்கு 50 கிலோ தூவுங்க. கரையிலிருந்து புளித்த (அமில) மண் கழுவி வருவதை அது தாங்கிக்கொள்ளும்.

மழை பெய்யும்போது தீனி வேண்டாம். விட்டதும் பாதி அளவில் தொடங்கி, செக் ட்ரே (தீனி தின்றதா என்று பார்க்கும் தட்டு) காலியானால் மட்டும் ஏற்றுங்க. மழைக்குப் பிந்தைய இரவுகளில் இறால் கூட்டமாகச் சட்டை (ஓடு) உரிக்கும். அப்போது இராத்திரியில் மினரல் போடுங்க. இல்லாவிட்டால் ஓடு மெத்தென்றே இருக்கும், ஒன்றையொன்று கடித்துவிடும்.

கரைவலை:
ஜெனரேட்டரை யாரும் கேட்கவில்லையே? 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு இந்தப் பக்கம் பல ஊர்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. 6 எச்பிக்கு 15 கேவிஏ திறன் ஜெனரேட்டர் வையுங்க. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், ஒவ்வொன்றாகப் போடுங்க. டீசல் குறைந்தால் இராத்திரியில் 4 ஏரேட்டராவது ஓடணும். ஜெனரேட்டர் மேடை கரைமட்டத்துக்கு மேலே இருக்கணும். முக்கியமா, மழைக்கு முன்னாலேயே ஒருமுறை ஜெனரேட்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்க: ஃபேஸ் வரிசை (மூன்று மின்கம்பிகளின் வரிசை) மாறியிருந்தால் ஏரேட்டர் துடுப்பு தலைகீழாகச் சுற்றும். இருட்டில் சத்தம் மட்டும் கேட்கும், காற்று ஏறாது.