ஹெட்லைட் மஞ்சளைத் தேய்த்து எடுத்தும் ஆறு வாரத்தில் திரும்பிவிட்டது, எங்கே தவறு?

மன்னார்குடி:
வணக்கம். எங்களுடையது 2012 மாடல் சின்ன கார். ஷெட் கிடையாது, வாசலில் வெயிலில்தான் நிற்கும். அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ் என்பதால் விடியக்காலை நாலு மணிக்கே கிளம்புகிறோம். இந்த மார்கழிப் பனியில், வடுவூர் பக்கம் பால்கேனோடு சைக்கிளில் வருகிறவர் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறார். ரொம்ப பயமாக இருக்கிறது.

முதலில் பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன், இரண்டு வாரம் தாங்கியது. ஐப்பசிக் கடைசியில் 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்கி தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டும் போட்டேன். புதுசு மாதிரி ஆனது. இப்போது பழையபடி மஞ்சள், முன்னைவிட மங்கலாகவும் இருக்கிறது. இடது லைட்டுக்குள் மழைக்குப் பிறகு நீர்த்துளி வேறு. எலக்ட்ரிக் கடையில் 100 வாட் பல்ப் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

திருவாரூர்:
தம்பி, பல்ப் பக்கம் இப்போது போகாதீங்க. லைட் மேல் தண்ணீர் ஊற்றி, ஈரம் காய்வதற்குள் பாருங்க. தெளிந்து தெரிந்தால் கோளாறு வெளிப்பக்கம். தெளியவில்லை என்றால் உள்பக்கம், அதை எவ்வளவு தேய்த்தாலும் பிரயோஜனம் இல்லை.

மன்னார்குடி:
பார்த்துவிட்டேன் அண்ணே. வலது முழுசாகத் தெளிகிறது. இடதில் கீழ்மூலை மட்டும் மங்கலாகவே இருக்கிறது.

கும்பகோணம் (பெயின்ட் பட்டறை):
நீங்க தேய்த்த முறையில் தப்பில்லை தம்பி, பாதியில் நிறுத்தியதுதான் தப்பு. அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகிவிடும். அதனால்தான் கம்பெனியிலேயே மேலே ஒரு கெட்டியான பாதுகாப்புப் பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். வருஷக்கணக்கில் வெயில் குடித்து அந்தப் பூச்சு வெந்து உரிகிறது. மிச்சம் இருந்ததையும் நீங்க தேய்த்து எடுத்துவிட்டீங்க. இப்போது வெறும் பிளாஸ்டிக் குடையில்லாமல் வெயிலில் நிற்கிறது. பேஸ்டும் அதே வேலையைத்தான் கொஞ்சமாகச் செய்தது.

மறுபடி தேய்க்கணும். சுற்றிலும் பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று ஒட்டிக்கோங்க. 800 நம்பர் பேப்பரில் ஆரம்பிங்க, தண்ணீர் விட்டுக்கொண்டே. முதலில் வழிகிற தண்ணீர் மஞ்சளாக வரும், அது வெள்ளையாக மாறுகிற வரைக்கும் 800-ஐ விடாதீங்க. எல்லாரும் அவசரப்படுகிற இடம் இதுதான். பழைய பூச்சு திட்டுத் திட்டாக நின்றுவிட்டால் மேலே எதை அடித்தாலும் அங்கேதான் முதலில் உரியும். அப்புறம் 1000, பிறகு 1500. ஒவ்வொரு நம்பருக்கும் கை போகிற திசையை மாற்றுங்க, முந்தின கோடு தெரியும். 1500-ஓடு நிறுத்திவிடணும். பாலிஷ் போட்டு வழவழப்பாக்கிவிட்டால், மேலே அடிக்கப்போகிற கிளியர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) பிடிக்காது. பார்க்க மங்கலாக இருக்கிறதே என்று கவலைப்படாதீங்க, கிளியர் விழுந்ததும் அந்தக் கோடெல்லாம் நிரம்பித் தெளிந்துவிடும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டு, ஹார்ட்னர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) கலக்கிற 2கே கிளியர் அடிக்கணும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. முதல் கை ரொம்ப மெல்லிசாக, புகை மாதிரி. ஈரமாக அடித்தால் தின்னர் பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். பத்து நிமிஷம் விட்டு இரண்டு கை முழுசாக.

ஹார்ட்னரில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல், மூக்கில் துண்டு கட்டினால் போதாது. அம்மா இருக்கிற வீட்டில் அடிக்கவே வேண்டாம். வீட்டில் தேய்த்துவிட்டு, அடிப்பதற்கு மட்டும் பட்டறைக்கு எடுத்துப் போங்க.

இந்த மாசம் வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் கிளியர் வெளுத்துப்போகும். தையில் அறுவடை மெஷின் இறங்கிவிட்டால் சுணையும் தூசியும் பறந்து ஒட்டும். மாசியில் ஒரு நல்ல வெயில் நாள், பதினொரு மணிக்கு மேல் அடிங்க. அதுவரைக்கும் ஓட்டணுமே என்றால், காம்பவுண்ட் போட்டு மேலே வாக்ஸ் பூசி வையுங்க. சில வாரம்தான் தாங்கும், ஆனாலும் இந்தப் பனிக்கு அது அவசியம்.

100 வாட் வேண்டவே வேண்டாம். 60/55 வாட்டுக்குச் செய்த லைட் அது. ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். மங்கின கவரில் அதிக வெளிச்சம் விட்டால் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைத்தான் கூசவைக்கும்.

நாகப்பட்டினம்:
ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் நான் தின்னர் தொட்டுத் துடைத்தேன். சிலந்திவலை மாதிரி உள்ளுக்குள் விரிசல் விட்டுப்போச்சு, லைட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. பெட்ரோலும் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் எடுத்துக்கோங்க.

திருவாரூர்:
இடது லைட்டின் பின்னால் பல்ப் மேல் இருக்கிற ரப்பர் மூடியைப் பாருங்க. வெடித்திருந்தால் நீர் அங்கேதான் ஏறும்.

மன்னார்குடி (மாசி):
ரப்பர்தான், ஓரம் கிழிந்திருந்தது. பல்பைக் கழற்றி ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்துப் புது மூடி போட்டேன். தேய்க்க ஒரு லைட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மஞ்சள் தண்ணீர் நிற்கவே அரை மணிக்கு மேல். கிளியர் பட்டறையில் அடித்தார்கள். இடது கீழ்மூலையில் லேசான மங்கல் மட்டும் மிச்சம். நேற்று விடியக்காலை ரோட்டோர வெள்ளைக்கோடு தூரத்திலிருந்தே தெரிந்தது. அம்மா வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் நன்றி அண்ணே. வாக்ஸ் எப்போது போடலாம்?

கும்பகோணம் (பெயின்ட் பட்டறை):
ஒரு மாசம் போகட்டும், கிளியர் நன்றாக இறுகணும். அதுவரைக்கும் தண்ணீர் விட்டு மெத்துத் துணியால் துடைத்தால் போதும். நிறுத்தும்போது வண்டியின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி விடுங்க.