புழுக்கொடியல் சப்பினா நெத்திப்பக்கம் ஏன் நோகுது?

வெள்ளவத்தைப் பிள்ளை:
வணக்கம். போன கிழமை யாழ்ப்பாணத்தில இருந்து சித்தி ஒரு பை புழுக்கொடியல் (அவிச்சுக் காயவச்ச பனங்கிழங்கு) குடுத்துவிட்டவ. ஞாயிறு டீவி பாத்துக்கொண்டு ஏழெட்டுத் துண்டு சப்பியிருப்பன், அடுத்த நாள் காலி ரோட்டில பஸ்ஸுக்குள்ள இருக்கேக்க ரெண்டு பக்கமும் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில, முடி தொடங்குற இடத்தில ஒரே நோவு. பல்லுநோவு இல்ல. கண்ணாடியில பல்லைக் கடிச்சுப் பாத்தா அந்த இடம் பொம்மெண்டு எழும்புது. சப்புறது தாடை தானே, தலை ஏன் அசையுது? வயசு 31, வேற வருத்தமொண்டும் இல்ல.

பேராதனைப் பழசு:
தங்கச்சி, பயப்பிடாதேங்கோ, அது சப்புற தசைதான். டெம்போராலிஸ் எண்டு பேர். தலையின்ர பக்கவாட்டில விசிறி மாதிரி விரிஞ்சு, கன்ன எலும்புக்கு உள்ளால ஒடுங்கி இறங்கி, கீழ்த்தாடையில கூரா நிக்கிற ஒரு எலும்பில பிடிச்சிருக்கு. முன்பக்க நார் தாடையை மேல தூக்கும், பின்பக்க நார் பின்னுக்கு இழுக்கும். பழக்கமில்லாமல் கனநேரம் வேலை வாங்கினா, மலை ஏறின அடுத்த நாள் கால் நோகுற மாதிரித்தான் இதுவும்.

ஒவ்வொரு பக்கமும் நாலு தசை இருக்கு. கன்ன எலும்பில இருந்து தாடை மூலைக்கு வாறது மசீட்டர், கடைவாய்ப்பல்லால கடிக்கேக்க கையில கல்லு மாதிரித் தட்டுப்படும். அதே மூலைக்கு உள்பக்கத்தால உள் டெரிகொய்ட் வருது, ரெண்டும் சேந்து தாடையை ஏணையில வச்ச மாதிரித் தாங்கிக்கொண்டு நிக்கும், எனக்கு இந்த அமைப்பில சரியான விருப்பம். நாலாவது வெளி டெரிகொய்ட். காதுக்கு முன்னால விரலை வச்சு வாயைப் பெரிசாத் திறவுங்கோ, ஒரு குமிழ் முன்னுக்கு வழுக்கும், அதை இழுக்கிறது இதுதான். இடப்பக்கத்தது மட்டும் இழுத்தா நாடி வலப்பக்கம் போகும். மற்ற மூண்டும் வாயை மூடுற ஆக்கள். பல்லை அரைச்சு அரைச்சு சப்புறமே, அது ரெண்டு பக்கமும் மாறி மாறி இழுக்கிறதாலதான்.

கொட்டாஞ்சேனை மாமி:
அப்ப கன்னம் வேலை செய்யுறேல்லையோ? என்ர அவருக்கு ஒருக்கா ஒரு பக்க முகம் இழுத்தது, ஆட்டிறைச்சியைக் கூட நல்லாக் கடிப்பார், ஆனா சோறு அந்தப் பக்கக் கன்னத்துக்குள்ள போய் தங்கி நிக்கும், நான்தான் சாப்பிட்டு முடிய விரலால எடுத்துவிடுவன்.

பேராதனைப் பழசு:
மாமி, அது சரியான கேள்வி. கன்னத்துக்குள்ள பக்சினேட்டர் எண்டொரு தசை இருக்கு, சாப்பாட்டைத் திரும்பவும் பல்லுக்கு நடுவில தள்ளுறது நாக்கும் அதுவும் தான். ஆனா அது முகத் தசை, முகநரம்பு தான் அதை இயக்குது. நான் சொன்ன நாலுக்கும் ட்ரைஜெமினல் எண்ட வேற நரம்பின்ர கீழ்த்தாடைக் கிளை. மாமாவுக்குப் பழுதானது முகநரம்பு, அதாலதான் கடி குறையேல்ல, சோறு மட்டும் ஒதுங்கினது.

தங்கச்சி, ரெண்டு மூண்டு நாள் மெதுவான சாப்பாடு சாப்பிடுங்கோ. சும்மா இருக்கேக்க உதடு மூடியிருந்தாலும் மேல் கீழ்ப் பல்லுக்கு நடுவில ரெண்டு மூண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கோணும், கடிச்சபடி இருந்தா தசைக்கு ஓய்வில்ல. உங்கட மூண்டு விரலை ஒண்டுக்கு மேல ஒண்டா நிமித்தி வாய்க்குள்ள வைக்கேலுமோ எண்டும் பாருங்கோ. ஏலாட்டி, இல்ல நோவு கிழமைக்கு மேல நிண்டா, டொக்டரிட்டக் காட்டுங்கோ. அம்பது தாண்டின ஆக்களுக்குப் புதுசா தலையிடியும் சப்பேக்க நோவும் வந்தா ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

வெள்ளவத்தைப் பிள்ளை:
மூண்டு விரலும் போகுது. கம்ப்யூட்டருக்கு முன்னால இருக்கேக்க பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் எண்டு இண்டைக்குத்தான் கவனிச்சன். நோவு பாதி குறைஞ்சிட்டுது அண்ணா. மிச்சப் புழுக்கொடியலை அம்மா இடிச்சு, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தந்திட்டா.