சின்னக் கம்பெனில வேலை பார்த்த அனுபவம்: நம்ம கொங்குப் பக்கத்து ஆளுங்க சொல்லுங்க

கணபதிக்காரன்:
டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு மொதல்ல ஒரு பெரிய கம்பெனிலதானுங்க சேர்ந்தேன். பஸ்ஸு வரும், கேன்டீன் சாப்பாடு, யூனிஃபார்ம், அம்மாவுக்கு ஒரே பெருமை. ஆனா 11 மாசம் நான் பார்த்தது ஒரே ஒரு ட்ரில்லிங் மெஷின், நான் போடற ஓட்டை எதுக்குன்னு கேட்டா "நம்பர் எடு தம்பி"ன்னுட்டு சூப்பர்வைசர் போயிருவாரு. கான்ட்ராக்ட் முடிஞ்சு வெளிய வந்தப்ப எனக்குத் தெரிஞ்ச வேலைன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்லீங்க, வெசனமாப் போச்சு.

அப்பறம் கோயமுத்தூர் கணபதில ஒரு பட்டறைல சேர்ந்தேன். மொத்தமே 14 பேரு. ரெண்டு சிஎன்சி (கம்ப்யூட்டர்ல அளவு குடுத்து ஓட்டற மெஷின்), மூணு பழைய லேத்து (கடைசல் மெஷின்), மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கற மோனோபிளாக் பம்புக்கு இம்பெல்லர், அதாவது உள்ள சுத்தித் தண்ணியத் தள்ளற சக்கரம், கடைஞ்சு குடுக்கற ஜாப் ஒர்க். ஓனரே காலைல லேத்துல நிப்பாரு, டூல் மழுங்கிருச்சுன்னா சத்தத்துலயே கண்டுபுடிச்சு அந்தக் கோடியிலிருந்து குரல் குடுப்பாரு.

மூணாவது மாசம் இம்பெல்லர் நடுவுல ஷாஃப்ட்டு நொழையற 19 எம்எம் ஓட்டை (போர்) ஓட்டிட்டு இருந்தேன், சிஎன்சில டூல நகர்த்தற அளவு (ஆஃப்செட்) 0.02 எம்எம் ஏத்தறதுக்கு 0.2ன்னு அடிச்சுட்டேன். டீ குடிச்சுட்டு வந்து ஓட்டை அளவு பாக்கற பிளக் கேஜப் போட்டா, உள்ள போவவே கூடாத நோ-கோ சைடு சர்ருனு உள்ள போவுது. 38 பீஸு போச்சு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. ஓனர் திட்டலீங்க, "ரெண்டு பீஸ எடுத்துக்க கண்ணு, வண்டில ஏறு"ன்னாரு. எக்ஸெல் வண்டில நேரா பம்பு கம்பெனிக்கே கூட்டிட்டுப் போய், எங்க பக்கம் தப்பாயிருச்சுங்க, டெலிவரி ஒரு நாள் தள்ளிப் போவும்னு அவரே சொன்னாரு. அப்பறம் அந்த பீஸ ஷாஃப்ட்டுல மாட்டி டெஸ்ட் பெஞ்சுல ஓட விட்டு என்ற கையப் புடிச்சு பம்பு மேல வெச்சாரு, உள்ளங்கை கிர்ருனு அதிருது. இது இப்படியே தோட்டத்துக்குப் போனா பேரிங் போவும், சீல் போவும், தண்ணி ஒழுவும்னாரு. எங்கூட்டு கெணத்துலயும் அதே மாதிரி பம்புதானுங்க ஓடுது. அன்னைக்குத்தான் நான் என்ன வேலை செய்யறேன்னே எனக்குப் புரிஞ்சது.

அன்னைக்கு நைட்டே வேற காஸ்டிங் (கடையாத வார்ப்பு) போட்டு ஓட்டுனோம், அவரும் விடிய விடிய கூடவே நின்னாரு. ரெண்டு வருசத்துல ட்ராயிங், புரோகிராம், கொட்டேசன், டூல் வாங்கறது, லோடு தாட்டி விடறது வரைக்கும் எல்லாம் கத்துக்கிட்டேன்.

திருப்பூர் அக்கா:
அண்ணா சொல்றது அத்தனையும் நெசமுங்க. நான் 25 மெஷின் இருக்கற சின்ன யூனிட்டுல மெர்ச்சண்டைசரா, அதாவது பையரோட ஆர்டரப் பார்த்துக்கற ஆளா, சேர்ந்தேன், பேருக்குத்தான் மெர்ச்சண்டைசர், நூல் வாங்கறதுல இருந்து நிட்டிங், டையிங், காம்பேக்டிங் (துணி பின்னால சுருங்காம அமுக்கறது), கட்டிங், பேக்கிங்னு எல்லா எடத்துக்கும் நானே ஓடோணும். டையிங் முடிஞ்சு வந்த துணிய ரவுண்டு கட்டர்ல வெட்டி தராசுல வெச்சா 1.6 கிராம் காட்டுச்சு, அந்த வட்டம் ஒரு சதுர மீட்டர்ல நூத்துல ஒரு பங்கு, அப்படின்னா 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணிக்கு எத்தன கிராம்ங்கறது), பையர் கேட்டது 180. அன்னைக்கு அத கட்டிங் டேபிளுக்கு விட்டிருந்தா மொத்த ஆர்டரும் போயிருக்கும். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு மொதலாளி லோடையே நிறுத்துனாருங்க, அப்ப எனக்கு 22 வயசு. பெரிய எடத்துல என்ற பேச்ச யாரு கேட்டிருப்பாங்க? பாப்பாவுக்குக் காய்ச்சல்னா லீவு லெட்டரெல்லாம் கெடையாது, "போய்ட்டு வா அம்மணி"ன்னு ஒரே வார்த்தைதான்.

புதுப் பையன்:
சம்பளம், பிஎஃப் எல்லாம் எப்படிங்கண்ணா?

கணபதிக்காரன்:
சம்பளம் ஆரம்பத்துல கம்மிதான் தம்பி, அத மறைக்க மாட்டேன். 10 பேரு இருந்தாலே ஈஎஸ்ஐ (வைத்தியச் செலவுக்கான அரசு காப்பீடு) உண்டு, மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருக்கோணும், நம்ம பங்கு 0.75 சதவீதம், ஓனர் பங்கு 3.25. பிஎஃப் 20 பேரு இருந்தாத்தான் கட்டாயம், எங்க பட்டறைல அது இல்ல, நான் போஸ்ட் ஆபீஸ்ல மாசாமாசம் கட்டற ஆர்டி போட்டுக்கிட்டேன். சேர்றப்பவே ஓனர்கிட்ட வாய் விட்டுக் கேட்டுருங்க, கூச்சப்படாதீங்க. அப்படியே ஓனர் மெஷின்கிட்ட நிக்கறாரா, ஏசி ரூமுக்குள்ளயே உக்காந்திருக்காரான்னும் பார்த்துக்கங்க.