தி அவுட்சைடர்ஸ்: நண்பனுக்காகச் சாவதுதான் நட்பா?

நூலகத்திண்ணை எழுதியது:

எஸ். ஈ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை எங்கள் பள்ளி நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அடுக்கில் வைக்கும்படி ஆங்கில ஆசிரியை கேட்டிருக்கிறார். படித்து முடித்துவிட்டேன். அந்த அடுக்கில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1960களில் அமெரிக்காவின் ஓக்லஹோமா. நகரின் கிழக்குப் பக்கத்து ஏழைப் பையன்கள் ‘கிரீசர்கள்’, நீள முடியில் எண்ணெய் வழியச் சீவியவர்கள். மேற்குப் பக்கத்துப் பணக்காரப் பையன்கள் ‘சோஷ்கள்’. கதை சொல்லும் போனிபாய்க்கு 14 வயது. பெற்றோர் கார் விபத்தில் இறந்துவிட, 20 வயது அண்ணன் டேரி உழைத்துத் தம்பிகளைக் காப்பாற்றுகிறான். ஓர் இரவு பூங்காவில் சோஷ்கள் போனிபாயின் தலையை நீரூற்றுத் தொட்டியில் அமுக்குகிறார்கள். அவன் நண்பன் ஜானி, அவர்களில் ஒருவனான பாபைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். இருவரும் தப்பியோடி ஒரு பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்திருக்கிறார்கள். அது தீப்பிடிக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட சிறுவர்களைக் காப்பாற்றப் போன ஜானிக்கு முதுகெலும்பு முறிகிறது. மறுநாள் இரவே மருத்துவமனையில் இறக்கிறான். அந்தத் துக்கம் தாளாத இன்னொரு கிரீசர் நண்பன் டாலி, மளிகைக் கடையில் கொள்ளையடித்துவிட்டு, குண்டில்லாத துப்பாக்கியைப் போலீசாரை நோக்கி நீட்டுகிறான். சுட்டுக் கொல்லப்படுகிறான்.

இந்தக் கடைசிச் சாவுதான் எனக்கு உறுத்துகிறது. தெருவிளக்கின் வெளிச்சத்தில் நண்பர்கள் ஓடிவந்து பார்க்க அவன் விழும் இடத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை எப்படி வாசிக்கும்? நண்பன் போனபின் உயிர் வாழாதவனே உண்மையான நண்பன் என்று வாசிக்கும். நம் சினிமா ஏற்கெனவே போதுமான அளவு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. கூடிச் சிரிப்பதற்கல்ல நட்பு, எல்லை மீறும்போது முந்திச் சென்று இடித்துரைப்பதற்கே என்றார் வள்ளுவர். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் இந்தக் கூட்டத்தில் ஒருவனும் தேறமாட்டான். சேர்ந்து அடிக்கிறார்கள், சேர்ந்து ஓடுகிறார்கள். நில் என்று சொல்ல ஆளில்லை.

கார்முகில் எழுதியது:

அம்மா, டாலி எப்படி இறந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடுத்துப் போனிபாய் என்ன நினைக்கிறான் என்பதை விட்டுவிட்டீர்கள். ஒரே இரவில் இறந்த இரு நண்பர்களை அவன் பிரித்தே பார்க்கிறான். எரியும் தேவாலயத்திலிருந்து ஜானியை இழுத்துப் போட்டவன் டாலி, தங்களுக்காகச் சிறைக்கும் அஞ்சாதவன் டாலி என்பதெல்லாம் அவன் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் டாலி வீரனாகச் சாகவில்லை, வன்முறையிலும் இளமையிலும் விரக்தியிலும் செத்தான் என்றுதான் முடிக்கிறான். நாவல் தானே கொடுத்திருக்கும் தீர்ப்பு இது.

அடுத்து, இடித்துரைக்க ஆளில்லை என்கிறீர்கள். பாபின் உயிர் நண்பன் ராண்டி, இரண்டு கூட்டமும் நாள் குறித்து மோதும் பெரிய சண்டைக்கு முன்பு காருக்குள் உட்கார்ந்து போனிபாயிடம் பேசும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். பாபின் பெற்றோர் அவனிடம் ஒரு நாளும் ‘கூடாது’ என்று சொன்னதில்லை, யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் அவன் வரம்பு மீறிக்கொண்டே போனான் என்கிறான் ராண்டி. வள்ளுவரின் அளவுகோலைக் கையில் எடுத்திருப்பது நீங்கள் மட்டுமல்ல, ஹின்டனும் எடுத்திருக்கிறார். கண்டிப்பார் இல்லாமல் கெட்டவன் என்று அவர் காட்டுவது ஏழை வீட்டுப் பையனை அல்ல, எல்லாம் இருந்த வீட்டுப் பையனை.

கிரீசர்களின் சிக்கல் வேறு. ஜானியின் அப்பா அவனை அடிக்கிறார், அம்மா ஏசுகிறார். வீடென்று அவனுக்கு இருப்பது தெருமுனைக் காலி மனைதான். அவனிடம் போய் நல்ல நட்புக்கு இலக்கணம் கேட்பதற்கு முன், அந்தக் கூட்டம் இல்லையென்றால் இரவில் அவன் எங்கே போயிருப்பான் என்று கேட்க வேண்டாமா?

நெய்தல் எழுதியது:

நீங்கள் இருவருமே பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இடித்துரைத்தவர் யாருமில்லையா? பாபின் காதலி செர்ரி இருக்கிறாளே!

திறந்தவெளித் திரையரங்கில் பாப் குடிக்கிறான் என்பதற்காகவே அவனை விட்டு எழுந்து வந்து தனியாக உட்கார்ந்தவள் அவள். டாலி அத்துமீறிப் பேசும்போது அவன் வாங்கிவந்த கோலாவை அவன் முகத்திலேயே வீசுகிறாள். இரண்டு கூட்டத்துக்கும் அன்று மாலை கைகலப்பு வந்துவிடக் கூடாது என்று, விருப்பமில்லாமல் பாபின் காரில் ஏறிப் போகிறாள். பிறகு, முதலில் வம்புக்கு வந்தவர்கள் சோஷ்களே என்று சாட்சி சொல்லவும் முன்வருகிறாள். அதே செர்ரி, மருத்துவமனையில் கிடக்கும் ஜானியைப் பார்க்க வரமாட்டேன் என்கிறாள், அவன் பாபைக் கொன்றவன் என்பதால். நியாயம் ஒரு பக்கம், காதலித்தவனை இழந்த வலி ஒரு பக்கம் என்று நாவலிலேயே மிகக் கடினமான இடத்தில் நிற்பவள் அவள்தான். போனிபாயோ அவளைத் துரோகி என்று திட்டிவிடுகிறான்.

எனக்கு நாவலின் மீதுள்ள கோபம் இங்கேதான். எழுதியவர் ஒரு பெண். ஆனால் பெண்களுக்குள் நட்பு என்று ஒரு பக்கம்கூட இல்லை. செர்ரியின் தோழி மார்சியா வருகிறாள், நாலு வார்த்தை பேசுகிறாள், போகிறாள். கிரீசர் பெண்களைப் போனிபாய் அறிமுகப்படுத்துவதே அருவருப்போடுதான்: சத்தமாகப் பேசுபவர்கள், கண்ணுக்கு அளவுக்கு மீறி மை தீட்டுபவர்கள். அதே தெருவில், அதே வறுமையில் வளர்ந்தவர்கள்தானே அவர்களும்? அவர்களுக்கு மட்டும் ஏன் கதை கிடையாது?

சிட்டுக்குருவி எழுதியது:

வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பு. இந்த நாவலை ஒன்பதாம் வகுப்பில் படித்தேன், என் தோழிகளும் படித்தார்கள். பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும், ஆனால் எங்களுக்காகத்தானே விவாதிக்கிறீர்கள்.

திண்ணை அக்கா, டாலி விழும் காட்சி என் மனதில் தங்கவில்லை. தங்கியது வேறு. ஜானி இறந்த பிறகு போனிபாய் மரத்துப்போய்த் திரிகிறான். கடைக்கு வெளியே சோஷ்கள் சிலர் அவனைச் சீண்ட வருகிறார்கள். அவன் கையிலிருந்த சோடா பாட்டிலை உடைத்து, கூர்முனையை நீட்டுகிறான். அவர்கள் போய்விடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு கிரீசர் நண்பன் டூ-பிட் பதறுகிறான், நீ எங்களைப் போல் இல்லை, முரடனாகிவிடாதே என்கிறான். போனிபாய் குனிந்து தரையில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்குகிறான். யாருடைய வண்டி டயராவது கிழிந்துவிடக் கூடாதாம்! அதைப் பார்த்ததும் டூ-பிட்டுக்கு உயிர் வருகிறது. இவன் மாறவில்லை.

இடித்துரைக்க ஒருவனும் இல்லை என்றீர்கள், டூ-பிட் அங்கே செய்வது அதைத்தானே? அவன் எப்போதும் கேலி பேசுகிறவன், கடையில் சின்னச் சின்னப் பொருள் திருடுகிறவன். அவன்கூட ‘வேண்டாம்’ என்று சொல்கிறான். எனக்கும் அப்படிச் சொல்கிற தோழி ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது அவள் முகம்தான் ஞாபகம் வந்தது.

நூலகத்திண்ணை எழுதியது:

தம்பியோ தங்கையோ, நன்றாகச் சொன்னாய், மன்னிப்பெல்லாம் கேட்காதே. நீ சொன்ன பாட்டில் காட்சி எனக்கும் பிடித்தது.

ஆனால் அதற்கு முன்னால் நடப்பதையும் சேர்த்துப் பார். ஜானி சாகக் கிடக்கிறான். தீக்காயத்தோடு படுத்திருக்கும் டாலி, டூ-பிட்டின் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, அதைக் காட்டி நர்சை மிரட்டி வெளியே வந்து சண்டையில் சேர்கிறான். யாருக்காக? ஜானிக்காகப் பழி தீர்க்கவாம். கத்தியைக் கொடுத்தவன் நீ புகழும் அதே டூ-பிட். டேரி அந்தச் சண்டைக்கு முதல் ஆளாக நிற்கிறான். காய்ச்சலோடு இருக்கும் பதினான்கு வயதுத் தம்பியையும் தடுக்காமல் அழைத்துப் போகிறான். இது செஞ்சோற்றுக் கடன் கழிக்கிற மனநிலை. கர்ணனிடம் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்ட நமக்கு, அது யாரைக் காப்பாற்றியது என்று கேட்கும் பழக்கமே வரவில்லை.

கார்முகில் எழுதியது:

அந்தக் கேள்வியை ஜானியே கேட்கிறானே! சண்டையில் வென்றுவிட்டோம் என்று டாலியும் போனிபாயும் மூச்சிரைக்க ஓடிவந்து சொல்லும்போது, பயனில்லை, அடிதடியால் எதுவும் ஆகாது என்றுதான் சாகும் தறுவாயில் அவன் சொல்கிறான். யாருக்காகச் சண்டை போட்டார்களோ அவனே அது வீண் என்று சொல்லிவிடுகிறான். அதைவிடக் கடுமையாகக் கண்டிக்க முடியுமா?

அவன் விட்டுச்சென்ற கடிதத்தையும் மறந்துவிட்டோம். அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியதில் தனக்கு வருத்தமில்லை என்று எழுதுகிறான். டாலியைச் சூரியன் மறைவதைப் பார்க்கச் சொல், உலகில் நல்லது இன்னும் நிறைய இருக்கிறது, அவனுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன் என்று போனிபாயிடம் கேட்டுக்கொள்கிறான். போனிபாய் அந்தக் கடிதத்தைக் கண்டெடுக்கும்போது டாலி உயிரோடு இல்லை. எனக்குத் தெரிந்து இளையோர் நாவல்களில் நட்பைப் பற்றி இவ்வளவு வலிக்கும்படி எழுதிய இடம் குறைவு. சொல்ல வேண்டியதைச் சொல்ல நண்பன் இருந்தான், சொல் போய்ச் சேரத்தான் நேரமில்லை.

டேரியைப் பற்றி எனக்கு வேறு வாசிப்பு உண்டு. நில் என்று சொல்கிறவன் அந்த வீட்டில் அவன்தான், நாள் முழுக்கச் சொல்கிறான். கூரை வேலை செய்து களைத்து வருபவன், கல்லூரிக் கனவை மூட்டை கட்டி வைத்தவன். தம்பிகளைச் சரியாக வளர்க்கவில்லை என்று அரசு நினைத்தால் பிரித்து விடுதிக்கு அனுப்பிவிடும் என்ற பயம் அவனுக்கு. போனிபாய் அந்தக் கண்டிப்பை வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறான், மருத்துவமனையில் அண்ணன் அழுவதைப் பார்க்கும் வரைக்கும். பெற்றோரின் இறுதிச் சடங்கில்கூட அழாதவன்.

இன்னொன்று. அந்தச் சண்டையில் டேரிக்கு எதிராக முதலில் முன்வருபவன் பால் ஹோல்டன், டேரியோடு பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய கூட்டாளி. ஒருவன் கல்லூரிக்குப் போனான், ஒருவன் கூரைக்கு ஏறினான். இரண்டு பேரும் வட்டத்துக்குள் நின்று ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையில் போனிபாய்க்குத் தெரிவது வெறுப்பு. அந்த நட்பைக் கொன்றது பணம். இடித்துரைக்கத் தெரியாததல்ல.

மேல்மாடி எழுதியது:

எல்லோரும் பாத்திரங்களை நிஜ மனிதர்களாகவே வைத்துப் பேசுகிறீர்கள். நாவலாக இது எப்படி இருக்கிறது என்பதையும் யாராவது பேச வேண்டும். எனக்கு இதில் கண்ணீர் மிதமிஞ்சியிருக்கிறது. ஒரே வாரத்துக்குள் கொலை, தலைமறைவு, தீ விபத்து, கலவரம், இரண்டு சாவு. ஆண்பிள்ளைகள் ஒருவரையொருவர் வர்ணிக்கும் விதம், யார் கண் என்ன நிறம், யார் முடி என்ன நிறம் என்று பக்கத்துக்குப் பக்கம் வருவது எழுதிப் பழகாத கையைக் காட்டிக்கொடுக்கிறது. நெய்தல் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன்: ஹின்டன் வளர்ந்தது டல்சா நகரம். 1921இல் கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்களைக் கொன்று தெருத்தெருவாக எரித்த ஊர். 1960களில் எழுதிய நாவல் அந்த ஊரின் பிரிவினையை ஏழை வெள்ளையன், பணக்கார வெள்ளையன் என்று மட்டும் பார்ப்பது எனக்குப் பெரிய குறை.

சிட்டுக்குருவி எழுதியது:

ஐயா, எழுதிப் பழகாத கை என்றீர்கள். ஹின்டன் இதைத் தொடங்கியபோது அவருக்கு 15 வயது. 1967இல் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்டபோது 18. தன் நண்பன் ஒருவன் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்து போகும்போது அடிக்கப்பட்டதில் வந்த கோபத்தில்தான் எழுதத் தொடங்கினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகத்தார் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கினார்கள். கண் நிறத்தையும் முடி நிறத்தையும் நானும் கவனித்தேன். எங்கள் வயதில் நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் பார்க்கிறோம், எல்லாமே நுணுக்கமாகத் தெரிகிறது. நாற்பது வயதில் எழுதியிருந்தால் அதையெல்லாம் வெட்டியிருப்பார், எனக்குப் பிடித்ததும் போயிருக்கும்.

டல்சாவைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அது குறைதான்.

நெய்தல் எழுதியது:

முதலெழுத்துக்குள் ஒளிக்கப்பட்ட பெண் என்பதால்தான் எனக்கு இன்னும் கூடுதலாக வலிக்கிறது. ஆண்குரலில் எழுதினால்தான் நம்புவார்கள் என்ற உலகத்தில் அவர் ஆண்குரலில் எழுதினார், புரிகிறது. அதற்காகச் சாண்டியைப் பற்றி ஒரு வரிகூட அவள் பக்கமிருந்து இல்லாமல் போனதை நான் சரியென்று சொல்லமாட்டேன். போனிபாயின் இன்னொரு அண்ணன் சோடாபாப் கல்யாணம் செய்துகொள்ள நினைத்த பெண், புளோரிடாவுக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அவன் எழுதிய கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வருகிறது. அவன் துக்கத்துக்கு ஒரு முழுக் காட்சி உண்டு. அவளுக்கு?

நூலகத்திண்ணை எழுதியது:

கார்முகில் காட்டிய கடிதத்தை மறுபடி படித்துவிட்டு எழுதுகிறேன். அது பெரிய இடம், மறுக்கவில்லை. ஆனாலும் கடிதம் கடைசி அத்தியாயத்தில் வருகிறது, டாலி அதற்கு முன்பே தெருவிளக்கின் கீழ் விழுந்துவிடுகிறான். பாதியில் மூடி வைக்கிற பிள்ளைக்கு எது மிஞ்சும் என்பதே என் கவலை. எட்டாம் வகுப்பு அடுக்கில் வைக்கமாட்டேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து யார் கேட்டாலும் தருவேன். ஆசிரியை வகுப்பில் சேர்ந்து வாசிப்பதென்றால் எட்டாம் வகுப்புக்கும் பிரதிகள் வாங்கித் தருகிறேன்.

சிட்டுக்குருவி எழுதியது:

அக்கா, அமெரிக்காவிலும் இதைப் பல பள்ளிகளில் எதிர்த்திருக்கிறார்கள். 1990களில் அதிகம் எதிர்க்கப்பட்ட நூறு நூல்களின் பட்டியலில் அமெரிக்க நூலகச் சங்கம் இதைச் சேர்த்திருக்கிறது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் ஒரு பள்ளி நூலகரோ, மாணவர்களோடு சேர்ந்து இதைப் படமெடுக்கச் சொல்லி இயக்குநர் கொப்போலாவுக்குக் கடிதம் எழுதினார். 1983இல் படம் வந்தது அதனால்தான். அந்த மாணவர்கள் பாதியில் மூடி வைக்கவில்லை.

என் தம்பி எட்டாம் வகுப்புதான். என் பிரதியை இன்று அவனிடம் கொடுத்திருக்கிறேன். டாலி இறக்கும் அத்தியாயத்தைப் படித்ததும் என்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன். அவன் என்ன சொல்கிறான் என்பதை இங்கே எழுதுகிறேன்.